அச்சுக்குப் போகுமுன் வாசிப்பது யார்?

என் முதலாவது சிறுகதைத் தொகுதி வெளிவந்தபோது எங்கள் பாடசாலை மண்டபத்தில் விழா எடுத்தோம். கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, கவி வாழ்த்து, நூல் நயவுரை, பிரதம அதிதி உரை, இறுதியில் என் ஏற்புரை. முதற் பிரதியை ஊரின் வர்த்தகர் ஒருவர் பெற்றுக்கொண்டார். பொன்னாடையும் போர்த்தினார்கள். பேசியவர்களுள் புத்தகத்தை முழுதாக வாசித்துவிட்டு வந்தவர் ஒருவரோ இருவரோதான் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அதில் எனக்கு அன்று வருத்தம் எதுவும் இருக்கவில்லை. அட்டையையும் அணிந்துரையையும் மட்டும் பார்த்துவிட்டு நானும் எத்தனையோ மேடைகளில் நயவுரை நிகழ்த்தியவன்தான்.

மூன்று வாரம் கழித்துப் பாடசாலையில் பெற்றார் கூட்டம் நடந்தது. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்டுவிட்டு, எழும்பாமல் அப்படியே இருந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பிப்பவர்.

"சேர், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஒங்கட புத்தகத்த மகள் கொண்டு வந்தா. நானும் வாசிச்சன். அதில இத்தாக் கதை ஒண்டு இரிக்கே, அது இத்தா இரிந்த ஆரிட்டயாவது கேட்டு எழுதினதா?"

நான் தடுமாறினேன். அந்தக் கதையில் கணவனை இழந்த ஒரு பெண் நான்கு மாதமும் பத்து நாளும் ஓர் அறைக்குள் தனித்துக் கிடக்கிறாள். ஜன்னலும், முற்றத்து முருங்கை மரத்தில் வந்திருக்கும் காகமுமே அவளுக்குத் துணை. அவளுடைய தனிமையைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். நயவுரை நிகழ்த்தியவர் அந்த மூன்று பக்கத்தைத்தான் மிகவும் சிலாகித்திருந்தார்.

"தனிய இரிக்க ஆரு சேர் உட்ட? விடிஞ்சாச் சனம், பொழுதுபட்டாச் சனம். மாமி, மைனி, சாச்சி, அசலூர் ஆக்கள். ஆறுதல் சொல்லத்தான் வாறாங்க, குத்தமில்ல. ஆனா மௌத்தான மனிசன நெனச்சி அழுறத்துக்கு எனக்கொரு மூலை கெடைக்கல்ல. குளிக்கிற அறைக்குள்ள போய்த் தண்ணியத் தொறந்து உட்டுட்டுத்தான் அழுவன். ஒங்கட கதையில வாற பொம்புளைக்கு எவ்வளவு அமைதி! எனக்கு அவவில பொறாமையா இரிந்திச்சி."

இதைச் சொல்லிவிட்டு, மகளின் கணிதப் புள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவர் போய்விட்டார். நான் எழுதியிருக்க வேண்டிய கதை அவர் வாயிலிருந்த அந்த நாலைந்து வாக்கியம்தான். ஆனால் அச்சிட்ட முந்நூறு பிரதிகளில் விற்றது போக மிச்சம் என் வீட்டில் பெட்டியில் கிடந்தது. இனி ஒரு சொல்லையும் மாற்ற ஏலாது.

அந்தத் தாயார்தான் என் கதையின் முதலாவது உண்மையான வாசகர். அவர் பிந்தி வரவில்லை. நான்தான் அவரிடம் பிந்திப் போயிருக்கிறேன். நமது புனைகதைகளின் பல குறைகளுக்குத் திறமைக் குறைவைவிட இந்தப் பிந்துதல்தான் காரணம் என்பது என் எண்ணம். அதை விளக்கவே இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

ஆங்கில எழுத்துலகில் 'பீற்றா வாசகர்' என்றொரு சொல் வழங்குகிறது. கணினி மென்பொருள் செய்பவர்களிடமிருந்து வந்த சொல் அது. மென்பொருளைச் செய்தவர்களே உள்ளுக்குள் சோதிப்பது அல்பா நிலை. விற்பனைக்கு விடுமுன் வெளியாட்கள் சிலரிடம் கொடுத்துப் பாவித்துப் பார்க்கச் சொல்வது பீற்றா நிலை. அதேபோல எழுதி முடித்த கதையை அச்சுக்கு முன் வாசித்து, எங்கே இடறியது, எங்கே சலித்தது, எங்கே நம்ப முடியாமற் போனது என்று எழுதியவரிடம் சொல்பவர் பீற்றா வாசகர். நாம் இவரை 'முன்வாசகர்' என்று அழைக்கலாம்.

இவர் விமர்சகர் அல்லர். அச்சான நூலை எடைபோடுவது விமர்சகரின் வேலை. மொழியைச் செப்பனிடும் செம்மையாக்குநரும் அல்லர். பிழைதிருத்தம் பார்ப்பவரும் அல்லர். வாசகர் எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசித்துவிட்டு, தனக்கு நேர்ந்ததைச் சொல்பவர் மட்டுமே.

நம்மிடம் அச்சுக்கு முன் பிரதியைப் பார்ப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். தட்டச்சுச் செய்யும் பிள்ளை பார்க்கிறது. அதற்குப் பக்கக் கணக்குத்தான் முக்கியம். அணிந்துரை எழுதும் பேராசிரியர் பார்க்கிறார். அவர் கைக்குப் போகும்போது அட்டைப்படமே தயாராகிவிடும், பாராட்டாமல் அவர் என்ன செய்வார்? நண்பர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பத்து நிமிடத்தில் 'மாஷா அல்லாஹ், அருமை' என்று பதில் வருகிறது. பன்னிரண்டு பக்கக் கதையைப் பத்து நிமிடத்தில் வாசிக்க ஏலுமா என்று நாம் கேட்பதில்லை. என் தொகுதிக்கு என் மனைவி பிழைதிருத்தம் பார்த்தார். 'எழுத்துப் பிழைய மட்டும் பாருங்க' என்று நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

இங்கே பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளர். கைக்காசைப் போட்டோ, கடன்பட்டோ, புரவலரைப் பிடித்தோ அச்சிடுகிறோம். பிரதியை மறுத்து, 'இதைத் திருப்பி எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லும் பதிப்பகக் கதவு நம் வழியில் இல்லை. அது வசதிதான். ஆனால் அந்தக் கதவு இல்லாத குறையை வேறெதனாலும் நாம் நிரப்பவுமில்லை.

அரங்கேற்றம் அன்று என்னவாக இருந்தது?

நமது வெளியீட்டு விழாவின் மூதாதை அரங்கேற்றம் என்று மேடைகளில் சொல்கிறோம். அரங்கேற்றம் அன்று பாராட்டு விழாவாக மட்டும் இருக்கவில்லை. நூலுக்கு அது பரீட்சையாகவும் இருந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில், சொன்னதற்கெல்லாம் அதங்கோட்டாசான் குற்றம் கூறுகிறார். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறார். கதை உண்மையோ புனைவோ, ஒரு நூலை அவைக்கு எடுத்துச் செல்வதென்றால் என்ன என்று நம் முன்னோர் விளங்கியிருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. குற்றம் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். விடை சொல்ல நூலாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதங்கோட்டாசானின் கதிரையில் இன்று நாம் பிரதம அதிதியை இருத்தி வைத்திருக்கிறோம்.

நம் அறிவு மரபிலும் இதற்கு நிகரான ஒழுங்கு ஒன்று உண்டு. ஹதீஸ் பிரதிகளை எழுதியோர், எழுதி முடித்தவுடன் வேலை முடிந்ததென்று மூடி வைக்கவில்லை. மூலத்துடன் ஒப்பிட்டு வாசிக்கும் 'முகாபலா' என்ற படி இருந்தது. ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு சிறு வட்டம் இடுவார்கள். ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்த வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைப்பார்கள். வெறும் வட்டம் தெரிந்தால் அந்த இடம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள். கற்பனைக் கதையை ஹதீஸ் கலையுடன் ஒப்பிடுவது என் நோக்கமல்ல. இரண்டும் வேறு வேறு. எழுதியவன் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்ற அடக்கத்தையே நான் சுட்டுகிறேன். நம் கதைத் தொகுதிகளைப் புரட்டும்போது புள்ளியிடாத வட்டங்கள் எனக்குத் தெரிகின்றன. என்னுடையதில் மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

மூன்று வெளிநாட்டு அனுபவங்கள்

முன்வாசகர் எப்படிப்பட்டவர் என்பதை விளங்க மூன்று உதாரணங்களைச் சொல்கிறேன்.

ஸ்டீபன் கிங் அமெரிக்காவில் ஓர் ஆங்கில ஆசிரியர். கையில் காசில்லாத காலத்தில் 'கேரி' என்ற கதையைத் தொடங்கி, சில பக்கங்களுடன் கசக்கிக் குப்பைக் கூடைக்குள் எறிந்துவிட்டார். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் உலகம் தனக்குத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. மனைவி தபிதா அந்தத் தாள்களை எடுத்து, சிகரட் சாம்பலைத் தட்டிவிட்டு வாசித்தார். இதைத் தொடர்ந்து எழுதுங்கள், தெரியாததை நான் சொல்லித் தருகிறேன் என்றார். 1974இல் வெளிவந்த அந்த நாவல்தான் கிங்கை முழுநேர எழுத்தாளராக்கியது. எனக்கும் கிங்குக்கும் ஓர் ஒற்றுமை உண்டு, இருவரும் மொழி ஆசிரியர்கள். ஒரு வேற்றுமையும் உண்டு. பெண்களைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, ரோல்கீனின் 'ஹொபிற்'. 1936இல் அந்தப் பிரதி லண்டன் பதிப்பாளர் ஸ்ரான்லி அன்வினிடம் வந்தது. சிறுவர் நூலைத் தீர்மானிக்கச் சிறுவரே தகுந்தவர் என்று எண்ணிய அவர், பத்து வயது மகன் ரேய்னரிடம் அதைக் கொடுத்தார். பையன் வாசித்து ஒரு சிறிய அறிக்கை எழுதினான். கூலி ஒரு ஷிலிங். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தது. நம் சிறுவர் இலக்கியப் பிரதிகளை அச்சுக்கு முன் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஐந்தாம் ஆண்டு வகுப்பறை எந்த ஊரிலும் இருக்கிறது.

மூன்றாவது, ஹெமிங்வேயின் 'சூரியனும் எழுகிறது'. பிரதி பதிப்பாளரிடம் போன பிறகும் அதை வாசித்த நண்பர் பிற்ஸ்ஜெரால்ட், தொடக்கப் பகுதி கதையை மறித்துக்கொண்டு நிற்பதாக நீண்டதொரு கடிதம் எழுதினார். ஹெமிங்வே முதல் அத்தியாயத்தையும் அதற்கடுத்ததில் ஒரு பகுதியையும் அப்படியே வெட்டினார். 1926இல் வந்த நூல் அந்த வெட்டுக்குப் பின்புதான் தொடங்குகிறது. பாத்திரங்களின் பூர்வீகம் முழுவதையும் முதல் பக்கத்திலேயே சொல்லித் தீர்க்கும் பழக்கம் நம் கதைகளில் எவ்வளவு என்பதை இக்காலாண்டின் வாசகர்கள் அறிவார்கள். 'அஸர் பாங்கு சொன்னது' என்று தொடங்கி, இரண்டு பக்கத்துக்குப் பாத்திரத்தின் வாப்பா, மூத்தவாப்பா, காணி வரலாறு என்று போய், மஃரிபுக்குத்தான் கதை ஆரம்பிக்கும்.

முன்வாசகர் பிடித்திருக்கக் கூடிய பிழைகள்

பாடசாலை மட்டப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தும், நண்பர்களின் தொகுதிகளை வாசித்தும் நான் கண்ட பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம், சில என்னுடையவை.

மார்கழி மாதம் கிழக்குக் கரையில் கரைவலை இழுக்கிறார்கள். வாடைக்காற்றில் கடல் பொங்கி நிற்கும் காலம் அது. கரைவலைக்காரர் ஒருவர் வாசித்திருந்தால் முதல் வரியிலேயே சிரித்திருப்பார். இன்னொரு கதையில் பெரும்போகம் ஐப்பசியில் அறுவடையாகிறது. வயற்காரர் அப்போது விதைப்புக்குத்தான் ஆயத்தமாவார். அக்கரைப்பற்றில் பிறந்து வளர்ந்த கிழவி காலி முஸ்லிம்களின் பேச்சைப் பேசுகிறாள். நாலு பக்கம் கழித்துச் சென்னைத் திரைப்படத் தமிழுக்கு மாறுகிறாள். உரையாடலை ஊர்க்காரர் ஒருவர் சத்தமாக வாசித்திருந்தால் நாக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

இவற்றைவிடப் பெரிய பிழை கடைசிப் பந்தி. கதை முடிந்த பிறகும் நாம் முடிக்க மாட்டோம். சீதனத்தின் கேடு, வெளிநாட்டுக்குப் போன உம்மாமாரின் பிள்ளைகள் படும் பாடு, போதைப்பொருள் என்று கதை ஏற்கெனவே காட்டிவிட்டதை, வெள்ளிக்கிழமை பயான் போல மறுபடி சொல்லி முடிப்போம். ஒரு தடவை என் உயர்தர வகுப்பில் ஒரு கதையைப் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தி வந்ததும் பிள்ளைகள் கொப்பியை மூடிப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவர்களுக்குக் கதை அங்கே முடிந்துவிட்டது. கதை என்னுடையது. அன்று வீட்டுக்குப் போய் அந்தப் பந்தியை வெட்டினேன். அதைவிட நேர்மையான விமர்சனம் எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

எங்கே தேடுவது?

முன்வாசகர் என்றால் எழுத்தாளராக இருக்க வேண்டுமென்று நினைக்கிறோம். அப்படியில்லை. என் அனுபவத்தில் மூன்று பேர் போதும். மூவரும் ஒரே வகையினராக இருக்கக் கூடாது.

முதலாமவர், கதை எந்த வாழ்க்கையைப் பற்றியதோ அதை வாழ்ந்தவர். கடலைப் பற்றியதென்றால் கடலுக்குப் போகிறவர், இத்தாவைப் பற்றியதென்றால் இத்தா இருந்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாம் வாசித்துக் காட்டலாம்.

இரண்டாமவர், கதைகளை விரும்பி வாசிக்கும், ஆனால் எழுதாத ஒருவர். ஊர் வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கிழமைதோறும் நாவல் எடுத்துச் செல்பவர் யாரென்று அவருக்குத் தெரியும். அநேகமாக அது ஒரு பெண்ணாக இருக்கும். நம் இலக்கியக் கூட்டங்களில் அவர் வந்திருக்கவே மாட்டார். அவரிடம் நேரே போய்ப் பிரதியைக் கொடுப்பது நம் ஊர்களில் சங்கடமென்றால், மனைவி மூலமோ சகோதரி மூலமோ கொடுத்தனுப்பலாம். பதிலைத் தாளில் எழுதி வாங்கலாம்.

மூன்றாமவர் எழுதுகிறவர். அவருடைய பிரதியை நீங்கள் வாசிக்க வேண்டும், உங்களுடையதை அவர் வாசிக்க வேண்டும். இது கைமாற்று. ஒருவர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நீடிக்காது. மற்றவர் கதையில் கடைசிப் பந்தி வீண் என்று கண்டுபிடிப்பது நம் கதையில் கண்டுபிடிப்பதைவிடச் சுகம். அப்படிப் பழகிய கண் பிறகு நம் தாளின் பக்கமும் திரும்பும். எழுத்தை முன்னேற்ற எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி இதுதான்.

மூவருக்கும் ஒரே நாளில் பிரதியைக் கொடுத்துவிட வேண்டாம். முதலில் ஒருவர், திருத்தியபின் அடுத்தவர். ஒரு பிரதியை முதன்முறையாக வாசிக்கும் கண் ஒருவருக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். மூவரையும் ஒரேயடியாகச் செலவழித்துவிட்டால் திருத்திய பிரதியைக் காட்ட ஆளிருக்காது.

எப்படிக் கேட்பது?

'கதை எப்படி?' என்று கேட்டால் 'நல்லம்' என்பார்கள். கேள்வி அப்படி, பதிலும் அப்படி. நம்மவர்கள் முகத்துக்கு முன் குறை சொல்ல மாட்டார்கள், அது மரியாதை. ஆகவே குறை சொல்வதையே மரியாதையாக்கித் தரும் கேள்விகள் வேண்டும். நான் இப்போது பிரதியுடன் ஒரு துண்டுத் தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுக்கிறேன்.

எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி வேறு வேலைக்குப் போனீர்கள்? எந்த இடத்தைத் திருப்பி வாசிக்க வேண்டி வந்தது? யார் சொன்னது, யார் செய்தது என்று எங்கே குழம்பியது? எதை நம்ப முடியவில்லை? கதை எங்கே முடிந்துவிட்டதாகத் தோன்றியது?

ஒன்றிலும் 'நல்லதா, கூடாததா?' என்று இல்லை. பிரதியை இரட்டை இடைவெளி விட்டு அச்செடுத்து, இடறும் இடத்தில் ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். காரணம் எழுதத் தேவையில்லை. பிரதி திரும்பி வந்ததும் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்து, திருத்தினாலும் சரி, யோசித்துவிட்டு அப்படியே விட்டாலும் சரி, நடுவில் ஒரு புள்ளி வைக்கிறேன். இது எங்கிருந்து வந்த பழக்கமென்று வாசகருக்குத் தெரியும். எல்லா வட்டத்துக்கும் புள்ளி விழுந்த பிறகுதான் கதை அடுத்தவரிடம் போகும்.

எப்படிக் காது கொடுப்பது?

முன்வாசகர் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மிகக் கஷ்டம். 'இல்ல, அதை நான் ரெண்டாம் பக்கத்தில சொல்லியிரிக்கன்' என்று பாய்ந்துவிடுவோம். நீங்கள் விளக்கம் சொல்லி அவரை ஒத்துக்கொள்ளச் செய்யலாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு பிரதியுடனும் கூடவே போய் விளக்கம் சொல்ல ஏலாது.

அதேநேரம் சொல்வதையெல்லாம் செய்யவும் கூடாது. தையற்காரரிடம் போய் 'கக்கத்தில பிடிக்கிது' என்றால் அது உண்மை. உடுத்தியவருக்குத்தான் தெரியும். எங்கே பிரித்து எவ்வளவு தளர்த்துவது என்பது தையற்காரரின் வேலை. வாசகர் 'இந்த மாமி பாத்திரம் வேணாம்' என்றால், மாமியை வெட்டுவதா, அவளை இரண்டு பக்கம் முன்னுக்குக் கொண்டு வருவதா என்பதை எழுதியவர் தீர்மானிக்க வேண்டும். அங்கே ஏதோ இறுக்குகிறது என்பது மட்டும் உறுதி. இருவர் ஒரே இடத்தில் வட்டம் போட்டிருந்தால், காரணம் வேறு வேறாகச் சொன்னாலும், அந்த இடத்தில் பிழை இருக்கிறது.

எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வரின் கதை பாடம். அவருடைய செம்மையாக்குநர் கோர்டன் லிஷ் 1981இல் வந்த தொகுதியில் கதைகளைப் பாதிக்கும் மேல் வெட்டினார். வெளியீட்டை நிறுத்தச் சொல்லிக் கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதியும் நூல் வந்தது, புகழும் வந்தது. ஆனால் வெட்டுண்ட கதைகளுள் ஒன்றை அவர் பிறகு தன் விருப்பப்படி நீளமாக வெளியிட்டார். மூலப் பிரதிகள் முழுவதும் அவர் இறந்து இரண்டு தசாப்தம் கழித்து, 2009இல், தனி நூலாக வந்தன. எந்த வடிவம் சிறந்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள். கேட்பது நம் கடமை. முடிவு நம் பொறுப்பு.

ஊருக்குள் ஒரு சிக்கல்

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நம் ஊர்கள் சின்னவை. ஒரு கதையில் வரும் விவாகரத்து யாருடையதென்று மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சுக்கு முன்பே பிரதி கைமாறினால் கதை ஊரெல்லாம் போய்விடும், சண்டை வரும். உண்மைதான். ஆனால் அச்சான பிறகு அந்தச் சண்டை வராதா? அந்தக் குடும்பம் முந்நூறு பிரதிகளில் தன்னைக் காண்பதைவிட, ஒரு முன்வாசகர் 'சேர், இது இன்னாருடைய விசயமெண்டு எனக்கே விளங்கிட்டு, ஊராக்களுக்கு விளங்காதா?' என்று சொல்வது யாருக்கு நல்லது? பிறர் மானத்தை மறைப்பது நமக்குக் கடமை. ஊரை மாற்றலாம், தொழிலை மாற்றலாம், ஆணைப் பெண்ணாக்கலாம். கதையின் உயிர் போகாது. இரகசியம் காக்கத் தெரிந்தவரையே முன்வாசகராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

1885இல் சித்திலெப்பை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலைத் தந்த சமூகம் நாம். அந்தப் பெருமையை மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் நம்மைப் பற்றி எழுதப்படும் கதைகள் இன்னும் எண்ணிக்கையில் அதிகமில்லை. ஆகவே ஒவ்வொரு கதையும் சாட்சியாகிவிடுகிறது. நம் பெண்களின் இத்தா எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் ஒருவர் என் கதையை வாசித்தால், காகத்தையும் ஜன்னலையும்தான் நினைவில் வைத்திருப்பார். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத பெண்ணை அவருக்குத் தெரியாது. பொய்ச்சாட்சி சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. விசாரிக்காமல் சொன்னேன், அவ்வளவுதான்.

திரும்ப எழுதிய கதை

அந்தத் தாயாரின் அனுமதி கேட்டு, அந்தக் கதையைத் திரும்ப எழுதினேன். சனம் நிறைந்த வீடு, தேநீர்க் கோப்பைகள், ஆறுதல் வார்த்தைகள், நடுவில் அழ இடமில்லாத ஒருத்தி. அவரிடமே முதலில் கொடுத்தேன். நான்கு இடத்தில் வட்டம் போட்டு மகளிடம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த முன்வாசகர் யார் என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் வாப்பா மௌத்தானபோது என் உம்மாவும் இத்தா இருந்தவர்தான். இதே வீட்டில். நான் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். கிழமைக்கொரு தடவை வருவேன், போவேன். உம்மாவிடம் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இத்தாவைப் பற்றிக் கதை எழுதி, அச்சிட்டு, பொன்னாடையும் போர்த்திக்கொண்டவன் நான்.

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு உம்மாவுக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். உம்மா வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"எல்லாம் செரி மகன். அந்தப் பொம்புளைக்கு ஆம்புளப் புள்ள ஒண்டும் இல்லியா? அவன் எங்க போன?"

நான் பதில் சொல்லவில்லை. விளக்கம் சொல்லக் கூடாது என்பது நானே வைத்த விதி. அதைவிட, சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை. கதையின் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். இன்னும் புள்ளி வைக்கவில்லை.

இளம் எழுத்தாளர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விழாவுக்கு மண்டபம் பதிவதற்கு மூன்று மாதம் முன், பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு போட்டோ கொப்பிக் காசுதான். விழாவில் நயவுரை நிகழ்த்தும் சகோதரர்களே, அழைப்பிதழில் பெயர் போடச் சம்மதிக்குமுன் 'பிரதியை அச்சுக்கு முன் தாங்க, நான் வாசிக்கணும்' என்று கேளுங்கள். இந்த ஊரில் யாராவது கதை எழுதிவிட்டு, வாசித்துச் சொல்ல ஆளில்லை என்று இருந்தால் என்னிடம் கொண்டு வரலாம். வட்டம் போட்டுத் திருப்பித் தருகிறேன். கைமாற்றாக என்னுடையதையும் வாசிக்க வேண்டும்.